அம்பத்தேழிலிருந்து அறுபத்தொன்றுக்கு

பிரசாத் வருகிற நேரம் காலை ஐந்தரை. ரேஷன் கடையின் பின்கதவை நான் திறந்து வைத்திருப்பேன். எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் ஆள் ஏறி நின்றால் கிராம் கணக்காய் எடை காட்டுகிற தராசு இரண்டுதான். ஒன்று நிலக்கடலை வாங்கி விற்கிற மல்லாட்டை மண்டியில் இருந்தது. அங்கே ஏறினால் மூட்டை தூக்குகிறவர்கள் கூடி நின்று கேலி பேசுவார்கள். இன்னொன்று எங்கள் கடையில். நான் அங்கே எடையாளர். கடைக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம், எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்.

"மாமா, இதையும் கழட்டிடவா?" என்று அரைக்கால் சட்டையைக் காட்டிக் கேட்பான்.

"அரிசியே சாக்கோடதான்டா ஏறுது. மானத்தோட ஏறு."

என் மனைவி சந்திரகலா வாசல் தெளித்த வாளியோடு எட்டிப் பார்ப்பாள். "இந்தத் தராசுல கம்மியாப் போடறீங்கன்னு ஊரே உங்கள ஏசுது. அந்தக் கம்மிய இவனுக்காவது காட்டக் கூடாதா?"

"அத்தே, சென்னையில வேற தராசு வெச்சிருக்கான்," என்பான் பிரசாத். சிரிக்கும்போது அவன் கன்னத்தில் எலும்பு தெரியும்.

அவன் தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரன். சண்டைக்கு முந்தின நாள் எடை போடுவார்கள். சொன்ன எடைக்கு மேல் நூறு கிராம் இருந்தாலும் மேடை கிடையாது. எடை போட்டு முடித்தபிறகு எவ்வளவு தின்றாலும் யாரும் கேட்க மாட்டார்கள். இருபத்தொரு வயதில் ஐம்பத்து மூன்று கிலோவில் தொடங்கினான். உடம்பு வளர்ந்தது. ஐம்பத்தைந்துக்குப் போனான், பிறகு ஐம்பத்தேழுக்கு. ஒவ்வொரு படிக்கும் எதிரே நிற்கிறவன் தோளும் கையும் பெரிதாகிக்கொண்டே வந்தன. பதினொரு சண்டையில் ஒன்பது ஜெயித்திருந்தான்.

ஐம்பத்தேழில் வந்து நின்றுவிட்டான். உடம்பு நிற்கவில்லை. சண்டை இல்லாத நாட்களில் அறுபத்தாறு காட்டியது தராசு. ஆனால் ஐம்பத்தேழில்தான் பட்டத்துக்கான பெல்ட் சண்டைக்கு அவன் முறை வந்திருந்தது. வேங்கிக்காலில் பயிற்சிக்கூடம் வைத்திருந்த குமரேசன் கணக்குப் போட்டுச் சொன்னார். "இந்த ஒரு தடவ எறக்கிடு. பெல்ட்ட வாங்கிக்கினு அப்பால மேல போலாம். இப்ப அறுபத்தொன்னுக்குப் போனா அங்க வரிசையில கடைசி ஆளு நீ." குமரேசனும் ஒரு காலத்தில் சண்டை போட்டவர், பிரசாத்தைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர்.

ஐப்பசி பதினைந்துக்கு மேல் சண்டை. ஆறு வாரத்தில் ஒன்பது கிலோ இறக்க வேண்டும்.

காலையில் வெள்ளைக் கரு, மத்தியானம் வேகவைத்த காய், சாயந்திரம் ஒன்றுமில்லை. கடைசி மூன்று நாள் தண்ணீரும் வாய் நனைக்க மட்டும். பிளாஸ்டிக் மழைக்கோட்டைப் போட்டு, அதன்மேல் ஸ்வெட்டரும் போட்டுக் கிரிவலப் பாதையைச் சுற்றி ஓடுவான். பதினான்கு கிலோமீட்டர். திரும்பி வந்து மழைக்கோட்டின் கையைக் கவிழ்த்தால் வேர்வை கொட்டும்.

புரட்டாசி பௌர்ணமி அன்று சாயந்திரம் அப்படி ஓடிக்கொண்டிருந்தான். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, கண் உள்ளே போய், யாரோடும் பேசாமல் ஓடுகிறவனை ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பஸ் கூட்டம் பார்த்துவிட்டது. ஏதோ மகான் என்று நினைத்து பத்துப் பன்னிரண்டு பேர் அவன் பின்னாலேயே ஓட ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு பெண்மணி கையில் பிடித்த வாழைப்பழச் சீப்போடு ஓடியிருக்கிறாள். எங்கள் ஊர்க் கோயில் வாசலில் அவன் மூச்சு வாங்க நின்றதும் அத்தனை பேரும் காலில் விழுந்துவிட்டார்கள்.

"இன்னாடா பண்ண?" என்று சந்திரகலா கேட்டாள்.

"இன்னா பண்றது? வாயத் தொறந்தா நாக்கு ஒட்டுது. கையத் தூக்கிக் காமிச்சேன். அழுதுட்டாங்க அத்தே. அந்த வாழப்பழத்த மட்டும் நான் பாக்கல. பாத்திருந்தா துன்னிருப்பேன்."

எங்கள் ஊரில் சாப்பிடாமல் ஒருவன் சுற்றினால் அதற்குச் சாமியைத் தவிர வேறு காரணம் யாருக்கும் தோன்றாது. அன்றைக்கு நாங்களும் சிரித்தோம்.

பிரசாத்தின் அம்மா மணியம்மாள் எனக்கு உடன்பிறந்தவள் மாதிரி. புருஷன் தசரதன் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம். ஒன்றரை ஏக்கர் நிலம், அதில் மழையை நம்பி மல்லாட்டை, இரண்டு ஆடு. ஐம்பது வயதில் சர்க்கரை வந்திருந்தது. மாதா மாதம் நர்ஸம்மா வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்து, எடை பார்த்து நோட்டில் எழுதிவிட்டுப் போவார். மாத்திரையை மணியம்மாள் ஒரு வேளைகூடத் தப்பவிட மாட்டாள்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. மலைமேல் மூன்று நாளாக மேகம் இறங்கி, உச்சியே தெரியவில்லை. நிலத்தில் தண்ணீர் நின்றால் காய் முளைத்துவிடும் என்று ஊரே அவசரமாகச் செடியைப் பிடுங்கியது. பிடுங்கிய செடியை வீட்டு வாசலில் குவித்துப் பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்ந்தார்கள். நர்ஸம்மாவும் அந்த மாதம் ஆள் இல்லாத வீடுகளில் மாத்திரையைத் திண்ணையில் வைத்துவிட்டு, எடை பார்க்காமல் போயிருந்தார். சந்திரகலாவும் கடை மூடிய நேரத்தில் மணியம்மாளுக்கு உதவியாகப் போய் உட்கார்ந்தாள்.

இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தவள் என்னிடம் சொன்னாள்: "மணி ஒரு கொட்ட கூட வாயில போட மாட்டேங்கறா."

"சர்க்கரைக்காக இருக்கும்."

"மல்லாட்ட ஆய குந்தினா வாயி சும்மா இருக்குமா? பச்சக் கொட்ட நாலு உள்ள போகாம யாராவது ஆஞ்சிருக்காங்களா? நானே ஒரு படி துன்னிருப்பேன். அவ கையி மட்டும்தான் ஓடுது. அடுப்பும் காலையிலேந்து ஜில்லுனு கெடக்குது."

மறுநாள் மணியம்மாள் அரிசி வாங்கக் கடைக்கு வந்தாள். சந்திரகலா வேண்டுமென்றே அங்கே நின்றிருந்தாள். "மணி, புள்ள மட்டும்தான் ஏறணுமா? நீயும் ஏறு, பாக்கலாம்."

"அய்ய, எனக்கு இன்னாத்துக்கு அண்ணி. நான் இன்னா பெல்ட்டா வாங்கப் போறேன்."

"ஏறுன்றேன்."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். மணியம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டு ஏறினாள். நாற்பத்தாறு கிலோ முந்நூறு. நர்ஸம்மாவின் நோட்டில் ஆவணி மாதம் ஐம்பத்து நான்கு என்று எழுதியிருந்தது எனக்குத் தெரியும். சந்திரகலா அவள் கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன்.

"சொல்லு. இன்னா வவுத்துல வலியா? டாக்டரண்ட போனியா?"

"ஒண்ணும் இல்ல அண்ணி."

"எட்டு கிலோ எங்கடி போச்சி?"

மணியம்மாள் முந்தானையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். "பிரசாத்து அப்பா மாலை போட்டா நாப்பத்தெட்டு நாளும் ஒரு வேளதான். அவுரு கை நனைக்காம வூட்ல யாரும் சோத்துல கை வெச்சது இல்ல. எங்க மாமியா அப்படித்தான் பழக்கனாங்க. வெரதம் இருக்கறவன் பட்டினியா கெடக்கறப்ப வூட்டுப் பொம்பள துன்னா அவனுக்குப் பலிக்காது."

"அவன் மாலையாடி போட்டிருக்கான்?"

"மாலை போட்டாத்தானா? தண்ணி கூட இல்லாம மலையச் சுத்தி ஓடறான். அவன் துன்னும்போது துன்றேன். அவன் துன்னலன்னா எனக்கு எறங்கல. இன்னும் பத்து நாளுதான அண்ணி. அவன்கிட்ட சொல்லிடாதீங்க. மனசு கலஞ்சிடுவான்."

"மாத்தர?"

"அதெல்லாம் கரெக்டா போட்டுக்கறேன்."

பெருமையாகச் சொன்னாள். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை என்ன செய்யும் என்று எங்கள் மூன்று பேரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. நான் நாலெழுத்துப் படித்தவன், தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அன்று எனக்கு வேறொன்றுதான் ஓடியது. பிரசாத் பெல்ட் வாங்கப் போகிறான் என்று கடைக்கு வருகிற ஒவ்வொரு கார்டுக்கும் சொல்லி வைத்திருந்தேன். பத்து நாளில் அது நடந்துவிடும். இப்போது போய் அவனிடம் சொன்னால் கெட்டுவிடும். "பத்து நாள்தான சந்திரா," என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவில் இருக்கிறது.

அவள் தினமும் காலையில் நாஷ்டா கொண்டுபோய் வைத்தாள். மணியம்மாள் "அப்பால துன்றேன் அண்ணி," என்று வாங்கி வைப்பாள். ஆடு இரண்டும் அந்த வாரம் இட்லி தின்று கொழுத்தன.

சனிக்கிழமை சென்னையில் எடை போட வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை என் தராசில் பிரசாத் அறுபது கிலோ நூறு. "மூணு கிலோ மாமா. அது தண்ணிதான். வுட்டா போயிடும்," என்றவன் குரல் காய்ந்து ஓலை மாதிரி இருந்தது. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடப் போனான்.

பத்து மணிக்கு மணியம்மாளின் கொல்லைக் காட்டிலிருந்து சந்திரகலா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட குரல் கேட்டது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். கடைசி அரை ஏக்கரைப் பிடுங்கிக்கொண்டிருந்த மணியம்மாள் செடியோடு மண்ணில் குப்புற விழுந்திருந்தாள். உடம்பு முழுக்கக் குளிர்ந்த வேர்வை. கண் திறந்திருந்தது, ஆனால் ஆளைத் தெரியவில்லை. "தசரதன் வந்துட்டாரா?" என்றாள்.

நூற்றெட்டுக்குப் போன் போட்டேன். அவர்கள் சொன்னபடி சந்திரகலா அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடையிலிருந்து நான் அள்ளி வந்த சர்க்கரையை விரலில் தொட்டு ஈறில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ரேஷன் சர்க்கரை. ஓடின வேகத்தில் வழியெல்லாம் கொட்டிக்கொண்டு வந்தேன். நூற்றெட்டு வண்டி வந்தது. வண்டியிலேயே ஊசி குத்திப் பார்த்த பிள்ளை, "முப்பத்தெட்டுதான் இருக்குங்க சுகரு. இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா கஷ்டம்," என்றான். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினான். வேங்கிக்கால் தாண்டும்போது அவள் என்னைப் பார்த்து, "அண்ணா, செடி நனையும். தார்ப்பாய் போட்டீங்களா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்திரகலா தலையிலடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆளு வந்துட்டா," என்றாள்.

பிரசாத் ஆஸ்பத்திரிக்கு ஓடியே வந்தான். மழைக்கோட்டு சரசரக்க வார்டுக்குள் நுழைந்தவனை நர்ஸ் தடுத்து, "யாருப்பா கூட வந்தது? இந்தக் கட்டில்ல படு," என்றார். நோயாளி அவன்தான் என்று நினைத்துவிட்டார்.

"எங்கம்மா..."

"இன்னாடா ஓடியாந்த? வெயில்ல தல சுத்திச்சி. அவ்ளோதான்," என்றாள் மணியம்மாள்.

"வெயிலு எங்கடி இருக்குது? மூணு நாளா மழ மூட்டம்," என்றாள் சந்திரகலா. பிறகு பிரசாத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை. எனக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எவ்ளோ நாளா?"

"இந்த ஒரு மாசமாத்தான்டா."

"அம்மா."

"ஒவ்வொரு சண்டைக்கும்தான். அப்ப நீ அவ்ளோவா வாயக் கட்டல. அம்பத்தேழுக்கு வந்தப்பறம்தான் ஜாஸ்தியாயிடுச்சி."

"யாரு இருக்கச் சொன்னது உன்ன? அது வெரதம் இல்லம்மா. சாமிக்கு இல்ல, தராசுக்கு. தராசுக்குத்தான் நான் துன்னாம கீறேன். நீ துன்னாலும் துன்னலன்னாலும் அதுக்கு இன்னா தெரியும்?"

"எனக்கும் இன்னாடா தெரியும்? உனுக்குப் பசிக்குது. அது ஒண்ணுதான் தெரியுது."

அவன் என் பக்கம் திரும்பினான். "நீங்க தெனம் எடை போட்டீங்களே மாமா," என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதற்குமேல் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வெளியே போனான். கால்மணி நேரம் ஆளைக் காணோம். மணியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மறுபடி ஓடப் போயிட்டான் போலக்குது," என்றாள். திரும்பி வந்தபோது அவன் கையில் இரண்டு இட்லிப் பொட்டலமும் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலும் இருந்தன. மழைக்கோட்டைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் எறிந்தான். ஒரு பொட்டலத்தை அவள் மடியில் பிரித்து வைத்தான். இன்னொன்றைத் தன் மடியில்.

"டேய், வாணாம்டா. எடை ஏறிடும்டா."

"ஏறட்டும்."

"மூணு நாளு கீதுடா. அண்ணா, சொல்லுங்களேன் இவனுக்கு!"

"நீ துன்னலாம்டா பிரசாத்து," என்றேன் நான்.

சாம்பாரை இட்லிமேல் ஊற்றிப் பிசைந்து வாயில் போட்டான். ஆறு வாரம் கழித்து முதல் உப்பு. மென்றுகொண்டே கண்ணை மூடிக்கொண்டான். மணியம்மாள் அவன் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்தாள். பிறகு தன் பொட்டலத்தில் கை வைத்தாள். இரண்டு பேரும் பேசாமல் ஆளுக்கு ஆறு இட்லி தின்றார்கள். பாட்டில் தண்ணீரை அவன் மூச்சு விடாமல் குடித்தான். பக்கத்துக் கட்டில் கிழவர், "பஞ்சத்துலேந்து வந்தவங்களா?" என்று சந்திரகலாவிடம் கேட்டார். "ஆமா தாத்தா, நேரா அங்கேந்துதான்," என்றாள் அவள்.

சாயந்திரம் குமரேசன் வந்தார். வரும்போது கோபமாகத்தான் வந்தார். மணியம்மாளின் மெலிந்த கையைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இருந்தாலும் கேட்டார். "அம்மாதான் நல்லா ஆயிட்டாங்களே. எடை போடற வரைக்கும் டைம் கீது. இந்த ஒரு சண்ட..."

"அண்ணே, நான் ஆறு கிலோ எறக்கினேன். அவுங்க எட்டு எறக்கிட்டாங்க. நான்தான் பயிற்சி எடுத்தேன்னு நீங்க நெனச்சினு இருக்கீங்க."

"பெல்ட்டுடா."

"அறுபத்தொன்னுல பேர் குடுங்க."

"அங்க இருக்கறவனுங்க எல்லாம் பொறப்புலயே பெரிய உடம்பு. வரிசைல கடைசில நிப்ப. வருசக்கணக்கா ஆவும்."

"நிக்கறேன். துன்னுட்டு நிக்கறேன்."

குமரேசன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனார். யாரோ அந்தப் பக்கத்தில் கத்துவது எங்களுக்கே கேட்டது. திரும்பி வந்து, "வேற ஆளப் போட்டுட்டாங்க," என்றார். மணியம்மாள் அழுதாள். அவளைத் தவிர வேறு யாரும் அழவில்லை. எனக்கு மார்பின்மேல் இருந்த ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் போடாத அரை ஏக்கர் மல்லாட்டை முளைத்துத்தான் போனது.

கடையில் ஆறு மாசம் என்னைக் கேட்டார்கள், "இன்னா எடையாளரே, பெல்ட்டு வந்துச்சா?" என்று. அறுபத்தொன்றில் முதல் சண்டையில் பிரசாத் தோற்றான். எதிராளி அவனைவிட அரை அடி கூடுதல் உயரம், கையை நீட்டினாலும் இவனால் எட்ட முடியவில்லை. ஆனால் எட்டு சுற்றும் நின்றான். ஐம்பத்தேழில் ஐந்தாவது சுற்றிலேயே அவன் கால் துவண்டுவிடும். இரண்டாவது சண்டையிலும் அடுத்ததிலும் ஜெயித்தான். மூன்றாவதில் எதிராளி விழுந்த சத்தம் போனிலேயே கேட்டது.

அவனைவிட மணியம்மாளுக்குத்தான் மேலே ஏறுவது கஷ்டமாக இருந்தது. எடை இறக்குகிற வாரம் வரும். இப்போது இரண்டு மூன்று கிலோதான், ஆனாலும் வாயைக் கட்டத்தான் வேண்டும். அந்த வாரம் காலையில் தட்டைப் போட்டுக்கொண்டு அவன் முன்னால் உட்கார அவளுக்கு உடம்பு கூசும். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, திருடித் தின்பவள் மாதிரி தின்பாள். சந்திரகலா தன் தட்டை எடுத்துக்கொண்டு அங்கேயே போய்விடுவாள். "திரும்புடி. புள்ளயப் பாத்து துன்னு." ஒன்றரை வருஷம் தினமும் எட்டு மணிக்கு இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நாஷ்டா சாப்பிட்டார்கள். எனக்குத்தான் வீட்டில் ஆறின இட்லி.

போன மாசியில் சந்திரகலா போய்விட்டாள். கோயிலுக்குப் போய்விட்டு வந்து, நெஞ்சு கனக்குது என்று படுத்தவள்தான்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பினபிறகு நான் கடைக்கும் போகவில்லை, அடுப்பையும் பற்ற வைக்கவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை. வாயில் எதையும் வைக்கத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் காலை மணியம்மாள் தூக்குச்சட்டியோடு வந்தாள். களியும் கீரைக் குழம்பும். தட்டைக் கழுவி, உருண்டையை வைத்து, குழி செய்து குழம்பை ஊற்றி என் முன்னால் வைத்தாள்.

"பசிக்கல மணி."

"நானும் அப்படித்தான் சொல்லினு இருந்தேன். அண்ணி நம்பல."

நான் தட்டைப் பார்த்தேன். "நீ துன்னியா?"

"ஏழரைக்கே துன்னுட்டேன். மாத்தரயும் போட்டுக்கினேன். நாளைக்கு பிரசாத்துக்கு சென்னையில எடை. அறுபத்து மூணரையில போறான். அவன் போன் பண்ணி, துன்னுட்டேன்மான்னான். நானும் துன்னுட்டேன். தனியாத்தான் குந்தி துன்னேன். சுவத்தப் பாக்கல." குரல் உடைந்தது. சரி செய்துகொண்டாள். "எனக்கோசரம் நீங்க துன்ன வாணாண்ணா. நான் பட்டினி கெடக்கல. உங்களுக்கோசரம் துன்னுங்க."

ஒரு விள்ளல் எடுத்துக் குழம்பில் தோய்த்து விழுங்கினேன். சூடாக இறங்கியது. இன்னொன்று எடுத்தேன். மூன்றாவது வாயில்தான் நாக்குக்கு ருசி தெரிந்தது.

"உப்பு ஜாஸ்தி மணி," என்றேன்.

"எனக்கு சரியாத்தான் இருந்துச்சி," என்றாள் அவள்.